சொன்ன விலையும் போன விலையும்
கூடைப்பந்து கார்டு: வாசகர் கேள்வி – பதில்

ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்டு, பலரும் சேகரித்து வாங்கி விற்கும் கூடைப்பந்து கார்டு பற்றி வந்த கடிதங்களில் வடசென்னைக் கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ‘இவ்வளவு சொல்கிறார்களே, கொடுக்கலாமா?’

கேள்வி: என் மகன் பத்தாவது படிக்கிறான். ஐ.சி.எஃப். பக்கம் கூடைப்பந்துப் பயிற்சிக்குப் போகிறான். வாட்ஸ்அப் குழு ஒன்றில் அமெரிக்க ஆட்டக்காரர் சயான் வில்லியம்சனின் முதல் வருடக் கார்டை 18,000 ரூபாய்க்குத் தருகிறார்களாம். “2021-ல் அமெரிக்காவில் இது போன விலையைக் கேட்டால் தலை சுற்றும், இப்போது அடிமாட்டு விலை” என்கிறாராம் விற்பவர். வாங்கித் தரலாமா சார்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: இந்த வாரம் வேண்டாம். கீழே உள்ளதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் முடிவு செய்யுங்கள்.

அவர் சொல்லும் 2021 பொய்யில்லை. அந்த வருடத்தை அளவுகோலாகக் காட்டுவதுதான் தப்பு. 2020 ஜனவரியில் கூடைப்பந்து நட்சத்திரம் கோபி பிரயன்ட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவர் கார்டுகள் எகிறின. ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் பற்றிய ஆவணத் தொடர் ஓடியது. ஊரடங்கில் வீட்டில் முடங்கியவர்கள் கையில் நேரமும் இருந்தது, அமெரிக்க அரசு கொடுத்த பணமும் இருந்தது. விளைவு, ஃபிளீயர் நிறுவனம் 1986-ல் போட்ட ஜோர்டன் கார்டு, பி.எஸ்.ஏ. என்ற தரமிடும் நிறுவனத்தின் உச்ச தரமான 10-ல், 2021 ஜனவரி கடைசியில் ஒரே ஏலத்தில் இரண்டு விற்றது. ஒவ்வொன்றும் 7,38,000 டாலர். அடுத்த வருடம் அதே கார்டு, அதே தரம், 2 லட்சம் டாலரைச் சுற்றி வந்து நின்றது. ஜோர்டன் ஓய்வு பெற்றது 2003-ல். ஆட்டம் கெட்டதால் விலை இறங்கியது என்று சொல்ல வழியே இல்லை. கூட்டம் வந்தது, ஏறியது. கூட்டம் கலைந்தது, இறங்கியது.

சயான் விஷயத்தில் ஆட்டமும் சேர்ந்துகொண்டது. 2019-ல் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணிகள் புது ஆட்களை எடுத்தபோது முதல் ஆளாகத் தேர்வானார். முதல் பருவத்தில் 24 ஆட்டம்தான் ஆடினார். 2021-22 பருவம் முழுக்கக் காயத்தில் போயிற்று.

இனி உங்கள் 18,000. முதலில் விற்பவரிடம் நாலு விவரம் கேளுங்கள்: எந்த வருடம், எந்தத் தொகுப்பு, எந்த எண், எந்த வகை. ‘சயான் பிரிஸம் ரூக்கி’ (ரூக்கி என்றால் முதல் வருடக் கார்டு) என்றால் போதாது. பனினி நிறுவனத்தின் 2019-20 பிரிஸம் தொகுப்பில் அவர் எண் 248. அதில் சாதாக் கார்டு உண்டு, சில்வர் உண்டு, இன்னும் பல நிறங்கள் உண்டு. சாதாவுக்கும் சில்வருக்கும் முன்பக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, புகைப்படத்தில் சுத்தமாகத் தெரியாது. பின்பக்கத்தைப் பாருங்கள்: சில்வரிலும் மற்ற நிற வகைகளிலும் ‘பிரிஸம்’ என்ற சொல் தனியாக அச்சாகியிருக்கும், சாதாவில் இருக்காது. கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் சில்வரில் வானவில் ஓடும். வீடியோவில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு கண்கட்டு வித்தை உண்டு. ‘பிரிஸம் டிராஃப்ட் பிக்ஸ்’ என்று வேறொரு தொகுப்பு. அதுவும் பனினிதான், அதிலும் அதே பளபளப்புதான், ஆனால் ஆள் கல்லூரிச் சட்டையில் இருப்பார். சயான் என்றால் டியூக் பல்கலைக்கழகச் சட்டை. என்.பி.ஏ. முத்திரையோ அணிப் பெயரோ இருக்காது. விலை பல மடங்கு குறைவு. ‘பிரிஸம் ரூக்கி’ என்று அதைத் தள்ளிவிடுவது வெகு சாதாரணம்.

இதெல்லாம் தெளிவானபிறகு ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் அந்தப் பெயரையும் எண்ணையும் போட்டு, ‘விற்றவை’ என்ற வடிகட்டியைத் தட்டுங்கள். சுமார் மூன்று மாத விற்பனை வரும். அதில் ஒரு பொறி: விலை குறுக்கே கோடு போட்டிருந்தால், பேரம் பேசிக் குறைத்து முடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கோட்டுக்குள் இருப்பது சொன்ன விலை, போன விலை அல்ல. அப்படிப்பட்டவற்றை ஒதுக்கிவிட்டு, அதே வகை, அதே தரத்தில் கடைசி 5 விற்பனையை எழுதி நடுவில் வருவதை எடுங்கள். ஒன்று மட்டும் தென்னை மரம் மாதிரி உயர்ந்து நின்றால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கூட்டாளியை விட்டு ஏற்றிக் கேட்டதாக இருக்கலாம். கேட்டவர் பணம் கட்டாமலே போயிருக்கலாம்.

காசிமேட்டில் மீன் எடுக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூவுகிற விலை வேறு, கூடை கைமாறுகிற விலை வேறு.

கேள்வி: சென்ட்ரல் பக்கம் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஜோர்டனின் 1986 ஃபிளீயர் கார்டு பார்த்தேன். 4,000 ரூபாய் சொல்கிறார். அசலாக இருந்தால் அடித்தது யோகம் இல்லையா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அசலாக இருந்தால். உலகில் அதிகம் போலி அடிக்கப்பட்ட விளையாட்டுக் கார்டுகளில் அது ஒன்று. கடைக்காரருக்கே அது போலி என்று தெரியாமல் இருக்கலாம். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

உள்ளூரிலேயே செய்யக்கூடிய சோதனை இருக்கிறது. சவுகார்பேட்டையில் நகைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் 10 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். படத்தில் ஜோர்டனின் தோல், சட்டை ஆகிய இடங்களைப் பாருங்கள். அக்கால ஆஃப்செட் அச்சில் நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூப்போல ஒழுங்காக அமைந்திருக்கும். அடுத்து பெயர் எழுத்துகளையும் படத்தைச் சுற்றியுள்ள மெல்லிய கோடுகளையும் பாருங்கள். இவை அசலில் அடர்த்தியாக, விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அசலை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டதில் எழுத்தின் ஓரமே பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும். வெறும் கண்ணுக்கு ‘லேசா மங்கல்’ என்று படுவது லூப்பில் வெட்டவெளிச்சமாகும்.

லூப்பை விட நம்பகமான வழி: அதே 1986 ஃபிளீயர் தொகுப்பில் மொத்தம் 132 கார்டுகள். அதில் பெயர் தெரியாத ஆட்டக்காரர் ஒருவரின் கார்டை, தரமிட்டு உறையில் அடைக்காததை, முதலில் வாங்குங்கள். போலி அடிப்பவர் யாரும் அதைப் போலி அடிக்க மாட்டார், கூலிக்குக் கட்டுப்படியாகாது. இப்போது உங்களிடம் ஓர் அசல் அளவுகோல் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து நீள அகலம் (2.5 அங்குலத்துக்கு 3.5 அங்குலம்), பின்பக்க அட்டையின் நிறம், விளிம்பில் தெரியும் அட்டை அடுக்கு, டார்ச் வெளிச்சம் ஊடுருவும் அளவு, நகைத் தராசில் எடை எல்லாம் ஒப்பிடுங்கள். ஜோர்டன் கார்டு அகலத்தில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் ஓரம் வெட்டியிருக்க வாய்ப்புண்டு. மழுங்கிய ஓரத்தை வெட்டிக் கூராக்குவது பழைய தந்திரம்.

அந்தக் கார்டு ஏன் அவ்வளவு போகிறது என்றால், அப்போது அமெரிக்காவிலேயே கூடைப்பந்து கார்டை யாரும் சீண்டவில்லை. டாப்ஸ் நிறுவனம் 1981-82-க்குப் பிறகு பத்து வருடம் இந்தப் பக்கமே வரவில்லை. இந்த ஃபிளீயர் தொகுப்பே கடையில் தேங்கிக் கிடந்தது. ‘ஜோர்டனின் முதல் கார்டு’ என்று விற்பவர் சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை. 1984-85-லேயே ஸ்டார் என்ற சிறு நிறுவனம் போட்டுவிட்டது.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் இரவு நேரலையில் கார்டுப் பெட்டி உடைக்கிறார்கள். ஓர் அணிக்கு 1,100 ரூபாயிலிருந்து இடம்; பெட்டியில் வரும் அந்த அணிக் கார்டுகள் பணம் கட்டியவருக்கு. நாலு தடவை போட்டேன், உருப்படியாக ஒன்றும் வரவில்லை. ஏமாற்றுகிறார்களா, எனக்கு ராசியில்லையா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: ஏமாற்றவே வேண்டாம், கணக்கே அப்படித்தான். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பெட்டி விலை 40,000 ரூபாய் என்று வையுங்கள். என்.பி.ஏ.வில் 30 அணி. அந்த வருடம் எல்லோரும் தேடும் புதுமுகங்கள் உள்ள 3 அணி தலைக்கு 6,000: 18,000 ரூபாய். சுமாரான 7 அணி 2,500 வீதம்: 17,500. மீதி 20 அணி 1,100 வீதம்: 22,000. கூட்டினால் 57,500. பெட்டியைக் கத்தி தொடும் முன்பே நடத்துபவருக்கு 17,500 மிச்சம். அந்தப் பணம் பங்கு போட்டவர்கள் பையிலிருந்துதானே வர வேண்டும்? அதற்கும் மேல், பெட்டிக்குள் இருக்கும் கார்டுகளின் மொத்த மதிப்பு பெரும்பாலும் 40,000-க்கே வராது.

1,100 ரூபாய் இடம்தான் இதில் மோசம். விலை குறைவு என்பதால் நிறையப் பேர் அதை எடுக்கிறார்கள். அந்த அணியில் தேடத்தக்க ஆள் யாரும் இல்லாததால்தான் அது 1,100. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-லேயே ஒழித்தாயிற்று. இது வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால், பெட்டியின் ஆறு பக்கமும் பிரிக்காத உறையும் கேமராவில் தெரிய வேண்டும், நடுவில் கேமரா திரும்பக் கூடாது, அணிகளைக் குலுக்கிப் போட்டுத் தருவதாக இருந்தால் அதுவும் திரையிலேயே நேரம் தெரிய நடக்க வேண்டும். எந்த அணி எத்தனை ரூபாய் என்ற முழுப் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கிக் கூட்டிப் பாருங்கள். தர மறுத்தால் கழன்றுகொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே கார்டு, சும்மா இருந்தால் 2,500, பிளாஸ்டிக் பெட்டியில் ‘10’ போட்டு வந்தால் 9,000. என்னிடம் இருக்கும் 6 கார்டையும் அனுப்பி 10 வாங்கினால் லாபம்தானே?
– வாசகி, கொளத்தூர்

பதில்: 10 வந்தால். அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

நீங்கள் கொடுத்த எண்களையே வைத்துக்கொள்வோம். கார்டு 2,500. தரக் கட்டணம், போக வர அஞ்சல், காப்பீடு சேர்த்து ஒரு கார்டுக்கு 4,000 என்று வைத்தால் முதலீடு 6,500. 10 வந்தால் 9,000. 9 வந்தால் பெரும்பாலும் சும்மா இருக்கும் கார்டை விடக் கொஞ்சம்தான் அதிகம், 3,000 என்று வைப்போம். பத்தில் நாலு 10 வாங்குகிறது, மீதி 9 என்றால் சராசரி வரவு 5,400. கார்டுக்கு 1,100 நஷ்டம். பத்தில் கிட்டத்தட்ட ஆறு 10 வந்தால்தான் போட்ட காசு திரும்பும். விற்பனைத் தளத்தின் கமிஷனும் எட்டு வாங்கும் கார்டும் இதில் இன்னும் சேரவே இல்லை.

அனுப்பும் முன் வீட்டிலேயே வடிகட்டுங்கள். முதலில் ஓரம். வெள்ளை ஓரம் உள்ள கார்டில் இடது, வலது அகலத்தை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 1.8 மி.மீ., மறுபக்கம் 2.2 என்றால் அது 55-க்கு 45. அந்த அளவுக்குள் இருந்தால் நிம்மதி. 1.6-ம் 2.4-ம் என்றால் 60-க்கு 40. அப்படியானால் 10-ஐ மறந்துவிடலாம். பின்பக்கத்துக்குக் கெடுபிடி குறைவு, 75-க்கு 25 வரை விடுவார்கள்.

அடுத்து மேல்பரப்பு. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கார்டுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட படுக்கவைத்துப் பிடியுங்கள். பிரிஸம் மாதிரி பளபளப்புக் கார்டுகளில் அச்சு இயந்திரமே போட்ட நீளக் கோடுகள், ஊசி முனை அளவுப் பள்ளங்கள் அப்போதுதான் தெரியும். பாக்கெட்டிலிருந்து நேராக எடுத்த கார்டிலும் இவை இருக்கும். ‘நான் தொடவே இல்லையே’ என்பதால் 10 வராது. கடைசியில் முனை நாலும். கறுப்பு அல்லது கரு நீல ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு போதும், 9.

இன்னொன்று. பி.எஸ்.ஏ. தளத்தில் அந்தக் கார்டுக்கு இதுவரை எத்தனை 10 கொடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை இலவசமாகவே இருக்கிறது. சேகரிப்பாளர்கள் அதைப் பாப் ரிப்போர்ட் என்பார்கள். ஆயிரக்கணக்கில் 10 இருந்தால் ‘அரிது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. 2021-ல் அனுப்பும் வெறி எந்த அளவுக்குப் போனதென்றால், மார்ச் 30-ஆம் தேதி பி.எஸ்.ஏ.வே குறைந்த கட்டணச் சேவைகளை நிறுத்திவைத்தது, குவிந்ததைத் தீர்க்க முடியாமல். பிறகு அந்தக் கார்டுகள் எல்லாம் தரம் போட்டு வெளியே வந்தபோது 10-களின் எண்ணிக்கை பெருகியது, விலை இறங்கியது.

ஏற்கெனவே தரமிட்டதை வாங்குவதாக இருந்தால், பிளாஸ்டிக் பெட்டியின் மேலே உள்ள சான்று எண்ணை பி.எஸ்.ஏ. தளத்தில் தட்டிப் பாருங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அசல் எண்ணைத் திருடிப் போலிப் பெட்டியில் போடுகிறார்கள். தளத்தில் படம் இருந்தால் கையில் உள்ள கார்டின் ஓர அகலத்தையும் சின்னச் சின்ன அச்சுப் பிசிறையும் அதோடு ஒப்பிடுங்கள். பிளாஸ்டிக் ஓரத்தில் வெண்மையாகப் பொரிந்த கோடு இருந்தால் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள்.

கேள்வி: ‘1/1’ என்று பொறித்த கார்டு உலகத்திலேயே ஒன்றுதான் என்றால், என்ன விலை கொடுத்தாலும் தகும்தானே?
– வாசகர், ராயபுரம்

பதில்: தகாது. ஒரே ஆட்டக்காரருக்கு ஒரே வருடத்தில் எத்தனை ‘உலகத்திலேயே ஒன்று’ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிரிஸம் தொகுப்பில் ஓர் ஆளுக்குத் தங்க நிறத்தில் 10 கார்டு, கறுப்பில் 1. அதே நிறுவனம் அதே வருடம் போடும் பல தொகுப்புகளில் ஒவ்வொன்றிலும் ஒரு 1/1 இருக்கும். போதாக்குறைக்குச் சில தொகுப்புகளில் அச்சுத் தகட்டையே பாக்கெட்டில் போட்டுவிடுகிறார்கள். நாலு நிறத்துக்கு நாலு தகடு, நாலும் தனித்தனி 1/1! ஓர் ஆளுக்கு இப்படி ஒரு வருடத்தில் ஒரு கைப்பிடி சேர்ந்துவிடும்.

பெரிய விலை போனவை எல்லாம் ஒன்று மட்டுமே என்பதால் போனவை அல்ல. லூகா டான்சிச்சின் சட்டையிலிருந்து வெட்டிய என்.பி.ஏ. முத்திரையும் கையெழுத்தும் கொண்ட கார்டு 2021-ல் 46 லட்சம் டாலர். ஸ்டெஃபன் கரியுடையது அதே வருடம் 59 லட்சம். ஜோர்டன், கோபி இருவர் முத்திரையும் கையெழுத்தும் சேர்ந்த கார்டு 2025 ஆகஸ்டில் ஏலத்தில் சுமார் 1 கோடியே 29 லட்சம் டாலர். லெப்ரான் ஜேம்ஸின் முதல் வருடக் கையெழுத்துக் கார்டு 52 லட்சம் போனதே, அது 1/1 கூட அல்ல. அந்த மாதிரி 23 உண்டு. ஆள் யார், எந்த வருடம், எந்தத் தொகுப்பு என்பதற்குப் பிறகுதான் எண்.

துணி பதித்த கார்டு வாங்கினால் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கட்டாயம் படியுங்கள். ‘ஆட்டத்தில் அணிந்தது’ என்றால் ஒரு விலை. ‘ஆட்டக்காரர் அணிந்தது’ என்றால் புகைப்படத்துக்காகச் சட்டையை மாட்டிக் கழற்றியதாகவும் இருக்கும். ‘எந்த ஆட்டக்காரரோடும், எந்த ஆட்டத்தோடும் தொடர்புடையதல்ல’ என்ற பொருளில் எழுதியிருந்தால், எம்.சி. ரோட்டில் கிழித்த துணிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

கேள்வி: கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பளபளப்புக் கார்டு எல்லாம் வில் மாதிரி வளைகிறது. விலை போகுமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: வளைவோடு விற்றால் வாங்குகிறவர் அதைக் காட்டிக் குறைப்பார், நியாயம்தான். காரணம் எளிது. கார்டின் முன்பக்கம் உலோகப் பூச்சுப் படலம், அது ஈரம் குடிக்காது. பின்பக்கம் காகிதம், குடிக்கும், விரியும். பின்பக்கம் விரிய, முன்பக்கம் விரியாமல் நிற்க, கார்டு முகத்தை உள்பக்கமாக வைத்து வளைகிறது. ரொம்ப உலர்ந்த ஏசி அறையில் வைத்தால் எதிர்ப்பக்கம் வளையும்.

மெல்லிய உறை, அதன் மேல் கெட்டி உறை, அதன் மேல் வாய் ஒட்டும் பை. இப்படிப் போட்டு, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல்லாக வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தெரியும். டப்பாவுக்குள் சின்ன ஈரப்பதமானி ஒன்று. 45 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். 30-க்குக் கீழே போக விடாதீர்கள். வளைந்தவை ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே நிமிர ஆரம்பிக்கும், பிறகு கெட்டி உறையோடு கனமான புத்தகங்களுக்கு இடையில் வைக்கலாம். இஸ்திரிப் பெட்டி பக்கம் போகாதீர்கள், படலம் பிரிந்துவிடும். கல்யாண ஆல்பத்தில் வரும் வாடை அடிக்கும் பி.வி.சி. பக்கங்களும் வேண்டாம், நாளடைவில் கார்டோடு ஒட்டிக்கொள்ளும்.

டப்பா பரண் மேல். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை எண்ணூர், மணலிக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மாமா, 1990 ‘ஹூப்ஸ்’ பெட்டி ஒன்றைப் பிரிக்காமல் கொடுத்தார். முப்பத்தைந்து வருடப் பழசு. வைத்திருந்தால் ஏறுமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பழசு, ஆனால் அரிதல்ல. 1980-களின் கடைசியிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை கார்டுகளை நோட்டீஸ் மாதிரி அடித்துத் தள்ளினார்கள். எல்லோரும் ‘பின்னால் ஏறும்’ என்று பெட்டி பெட்டியாகப் பிரிக்காமல் வைத்தார்கள். எல்லோரும் வைத்ததால் ஏறவில்லை. பிரித்துப் பாருங்கள், சந்தோஷம் கிடைக்கும். அதில் மார்க் ஜாக்சன் கார்டு, எண் 205, வந்தால் பின்னணியில் உட்கார்ந்திருக்கும் இருவரைக் கவனியுங்கள். பெற்றோரைக் கொன்ற வழக்கில் பிற்பாடு தண்டனை பெற்ற மெனண்டஸ் சகோதரர்கள். 2018-ல்தான் கண்டுபிடித்தார்கள். காசு பெறாத கார்டு அதனால் கொஞ்சநாள் காசு பெற்றது.

கேள்வி: இங்கே சொல்லும் விலை அதிகம், நேராக ஈபேயில் வாங்கினால் மலிவு என்கிறான் நண்பன். சரியா?
– வாசகர், மாதவரம்

பதில்: கார்டு மலிவு. வீட்டு வாசலுக்கு வரும்போது அல்ல. 40 டாலர் கார்டு. டாலர் 90 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 3,600. அனுப்பும் செலவு 20 டாலர், 1,800. வங்கி கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி., சுமார் 223. ஆக 5,623. இதன் மேல்தான் சுங்க வரி, ஜி.எஸ்.டி., கூரியர் நிறுவனம் வரியை முன்கட்டியதற்கு வாங்கும் சேவைக் கட்டணம். கூரியர்காரர் அடையாளச் சான்று கேட்பார், கொடுக்காமல் பொருள் நகராது. ஆர்டர் போடும் முன் கூரியரிடமே வரி மதிப்பீடு கேட்டுவிடுங்கள்.

‘கிஃப்ட் என்று எழுதச் சொல்கிறேன்’ என்பார்கள். 5,000 ரூபாய் வரை பரிசுப் பொருளுக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. மதிப்பைக் குறைத்து எழுதினால் வழியில் தொலைந்தபோது அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும்.

ஆகவே உள்ளூரில் ஒருவர் ஈபே விலையை விட இருபது, முப்பது சதவீதம் கூடச் சொன்னால் அது கொள்ளையல்ல, கார்டு கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு மடங்கு சொன்னால் கொள்ளை. திருப்பி விற்கும் கணக்கையும் இப்போதே போடுங்கள்: அதே 3,600 ரூபாய்க் கார்டை அந்தத் தளத்தில் விற்றால் கமிஷன் சுமார் 13 சதவீதம் போகக் கையில் 3,130 சொச்சம்.

கேள்வி: பனினி நிறுத்திவிட்டது, அதனால் பழைய பனினி எல்லாம் மூன்று மடங்கு ஆகும் என்கிறார்களே?
– வாசகர், புளியந்தோப்பு

பதில்: 2009-10 முதல் பனினியிடம் இருந்த என்.பி.ஏ. உரிமை 2025-26 பருவத்திலிருந்து டாப்ஸுக்குப் போயிருப்பது உண்மை. ‘இனி பனினி வராது, வாங்கு’ என்று சொல்லும் அதே ஆள், புதுமுகம் கூப்பர் ஃபிளாக்கின் கார்டை நீட்டி ‘டாப்ஸின் முதல் வருடம், வாங்கு’ என்பார். இரண்டு பேச்சிலும் பொதுவாக இருப்பது அவரிடம் இருக்கும் சரக்கு. ஏற்கெனவே அச்சான பனினி கார்டில் ஒன்றுகூட இதனால் குறையவில்லை.

கேள்வி: கல்லூரி மாணவன். மாதம் 1,500 ரூபாய்தான் ஒதுக்க முடியும். எப்படி ஆரம்பிக்க?
– வாசகர், அயனாவரம்

பதில்: பாக்கெட் வாங்காதீர்கள், தனிக் கார்டாக வாங்குங்கள். புதுத் தொகுப்பு வந்த முதல் இரண்டு வாரம் கிட்டப் போகாதீர்கள். அப்போது பெட்டி உடைத்தவர்கள் குறைவு, கார்டு குறைவு, விலை உச்சத்தில் இருக்கும். இரண்டு மாதம் கழித்து அதே கார்டு பெரும்பாலும் இறங்கியிருக்கும். பருவம் அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடிகிறது; ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் ஆட்டம் இல்லை, பேச்சு இல்லை, பேரம் படியும். பருவத்தின் நடுவில் வாங்கினால், காயத்தில் உட்கார்ந்திருக்கும் நல்ல ஆட்டக்காரரைப் பாருங்கள், முந்தைய வாரம் 40 புள்ளி அடித்தவரை அல்ல. பத்து வருடமாக ஆடும், எல்லோருக்கும் தெரிந்த ஆட்டக்காரர்களின் இரண்டாம், மூன்றாம் வருடக் கார்டுகள் நூறு, இருநூறுக்கே கிடைக்கும். யாரும் அவற்றைப் பற்றிக் கூச்சல் போடுவதில்லை.

ஒரு நோட்டில் தேதி, கார்டு விவரம், கொடுத்த மொத்தத் தொகை, அன்றைய நடு விற்பனை விலை நாலும் எழுதுங்கள். பழைய புத்தகக் கடையில் செய்வதுபோலக் கார்டின் பின்னால் பென்சிலால் விலை போட்டுவிடாதீர்கள். உறையின் மேல் சின்ன ஒட்டுத்தாளில் எழுதினால் போதும்.